மச்சினன் கைக் கயிறு

வாகைகுளம் விமான நிலையத்தில் மாடியில் ஒரு ஹால் இருக்கிறது, வாசலில் பணம் கட்டினால் உள்ளே விடுவார்கள், அப்புறம் வயிறு போதும் என்று சொல்கிறவரை சாப்பிடலாம் என்று பிரைட்டனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவனுடைய கூட்டாளி முஸம்மில். காயல்பட்டினத்துக்கும் வளைகுடாவுக்கும் டவுன் பஸ்ஸில் போவதுபோல் போய் வருகிறவன்.

“லவுஞ்சுன்னு பேரு. பேரக் கேட்டு மெரண்டுராத. நம்ம ஊரு கல்யாணப் பந்திதாம்லே. மொய்ய வாசல்லயே வாங்கிருவானுவ, அவ்வளவுதான்.”

அதனால்தான் அந்த மத்தியானம் திரேஸ்புரத்து பிரைட்டன், முதல்முதலாக விமானம் ஏறப்போகிறவன், கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று யோசித்துக்கொண்டு நின்றான். கதவு தானே திறந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த பெண் “வெல்கம் சார்” என்றாள். சட்டையில் உமாராணி என்று பெயர் குத்தியிருந்தது.

“கார்டா சார், கேஷா?”

“ரூவாதான்.”

அவள் ரூபாய் நோட்டை வெகுநாள் கழித்துப் பார்த்த உறவினரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு இங்கிலீஷை ஓரமாக வைத்துவிட்டு, “உள்ள போங்கண்ணே, வட சூடா இருக்கு” என்றாள்.

சென்னை போய், அங்கிருந்து தோஹா. ஒரு ஓட்டலில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. மெஷின் துவைக்கும், மெஷினே பிழியும், மெஷினே காயவைக்கும், இவன் பொத்தானை அமுக்க வேண்டும். பிரைட்டனுக்கு அதில் பிடித்ததே அதுதான். கையில் எதையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஊரில் அவன் பிடித்தது கயிறு. அவனுடைய அக்கா அல்போன்சாவின் புருஷன் ஜெனோ சங்கு குளிக்கிறவர். கடலுக்கடியில் மூச்சுக்குக் குழாய் உண்டு. அதற்குக் காற்று தள்ள மேலே வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் இடுப்பில் ஒரு கயிறு இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. அந்தக் கயிற்றின் மேல்நுனி மச்சினன் கையில்தான் இருக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்து அந்தக் கடற்கரையின் ஏற்பாடு அது. அண்ணன் தம்பி பிடித்தால் வீட்டுப் பங்கு ஞாபகத்துக்கு வரும். கூட்டாளி பிடித்தால் சங்கின் விலை ஞாபகத்துக்கு வரும். மச்சினனுக்கு மட்டும்தான் கயிற்றோடு அக்காவின் தாலியும் ஞாபகத்தில் இருக்கும்.

கயிற்றுக்கு ஒரு பாஷையும் உண்டு. கீழேயிருந்து கயிறு ஒரு சுண்டு சுண்டினால், தரை தொட்டாயிற்று. இரண்டு சுண்டு வந்தால், இழு. ஆனால் வந்தவுடன் இழுத்துவிடக் கூடாது. மேலேயிருந்து ஒரு சுண்டு கொடுத்துக் கேட்க வேண்டும். கீழேயிருந்து பதில் சுண்டு வந்த பிறகுதான் இழுக்க வேண்டும். கயிறு பாரில், கடலடிப் பாறையில், சிக்கி ஆடியிருக்கலாம். திருக்கை உரசியிருக்கலாம். வேறு எதுவும் இழுத்திருக்கலாம். அந்த ‘வேறு எதுவும்’ என்ன என்று கேட்டால் பெரியவர்கள் வெற்றிலை போடப் போய்விடுவார்கள்.

ஜெனோவின் சுண்டு பிரைட்டனுக்குத் தூக்கத்திலும் தெரியும். சோம்பேறிச் சுண்டு. முதல் சுண்டு கொட்டாவி விடுகிறமாதிரி இழுவையாக வரும். பிறகு, மறந்துவிட்டாரோ என்று நாம் நினைக்கிற அளவுக்கு ஒரு இடைவெளி. அப்புறம் சாவகாசமாக இரண்டாவது.

அன்று காலையில் பெட்டியை ஆட்டோவில் ஏற்றும்போது அல்போன்சா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “நீ பாட்டுக்கு பிளேன் ஏறிட்டா, நாளைக்கு கயிற யாருலே பிடிப்பா?”

“சுடலைக்கண்ணன் பிடிப்பான்க்கா. பேசியாச்சு.”

“ஐஸ் கம்பெனில சோலி பாத்தவனா? எந்நேரமும் போன நோண்டிக்கிட்டே இருப்பானே, அவனா? அவனுக்கு அக்கா தங்கச்சி உண்டா?”

“அதெல்லாம் பாத்தா இந்தக் காலத்துல ஆளு கெடைக்குமா?”

ஜெனோ சிரித்தார். “ஏளா, அவன விடு. புது ஆளு பழகுற வரைக்கும் நான் கடலுக்கே போவல. மாப்ள, நீ தைரியமாப் போலே. ஒங்க அக்கா மேல சத்தியம்.”

“ஏன், ஒங்க தலையில சத்தியம் பண்ணுனா கொறஞ்சிருவீயளோ?” என்றாள் அல்போன்சா.

அந்தக் குரல் லவுஞ்சு வரைக்கும் கூடவே வந்திருந்தது. அதை அமுக்குவதற்காக பிரைட்டன் தட்டில் இட்லி, வடை, சேமியா, தயிர்சாதம், என்னவென்று அடையாளம் தெரியாத ஒரு கட்லெட் எல்லாவற்றையும் அடுக்கினான்.

உள்ளே ஏசி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் செடிகள். முட்டிக்கு மேலே ஏறாத மேசைகள். ஒரு மூலையில் ஒரு உப்பு வியாபாரி, கண்டெய்னர் எங்கேயடா என்று போனில் உலகத்தையே விசாரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓடுபாதை வெயிலில் நெளிந்தது. உச்சிப் பொழுது. புளியமரத்தடியில் நிற்காதே, கிணற்றை எட்டிப் பார்க்காதே என்று ஊரில் பிள்ளைகளை வீட்டுக்குள் போட்டுப் பூட்டுகிற நேரம். ஆனால் எந்தப் பேயும் உச்சிப் பொழுதில் ஏசி ஹாலுக்குள் வராது என்று பிரைட்டன் நம்பினான். வெளியே அடிக்கிற வெயிலில், பேயும்தான் எங்கே போகும் என்பதை அவன் யோசிக்கவில்லை.

முதலில் வாடை வந்தது.

சிப்பி அழுகுகிற வாடை. கரையில் குவித்துப் போட்டு, சதை கரைந்து, ஈ மொய்த்துக் கிடக்கிற சிப்பியின் வாடை. தட்டைக் குனிந்து முகர்ந்தான். கட்லெட் நிரபராதி.

எதிர் சோபாவில் ஒருவர் இருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, வேட்டி. அப்போதுதான் குளித்து வந்தவர்போல் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு காதிலும் பஞ்சு. காலடியில் பிஸ்கட் வருகிற மாதிரி ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

“சாப்பிடுதீயளா?” என்று கேட்டான் பிரைட்டன். பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு கேட்காமல் வாயில் வைத்தால் அவனுக்கு இறங்காது.

“சாப்புடுங்க தம்பி.” குரல் தாழ்ந்து, ஈரமாக இருந்தது. “எந்தத் தெரு?”

“திரேஸ்புரம்.”

“கட்டிக்குடுத்த அக்கா உண்டுமா?”

ஊர்க்காரர்கள் சந்தித்தால் மூன்றாவது கேள்வியில் குடும்பத்துக்குள் வந்துவிடுவார்கள், அது வழக்கம்தான். “உண்டு. மச்சானுக்கு சங்கு குளி.”

அவர் மெல்லத் தலையாட்டினார். “அப்போ கயிறு?”

“நான்தான். நேத்து வரைக்கும்.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு மச்சான் கடலுக்குப் போவல.”

“போவாங்க” என்றார் அவர். “கடல் வெள்ளம் தெளிஞ்சு கெடக்கு.”

பிரைட்டன் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தான். அவர் எழுந்தார். எழுந்த இடத்தில் சோபா கறுத்து நனைந்திருந்தது.

“இத ஒரு நிமிசம் பிடிங்க தம்பி. எறங்கிட்டு வந்துருதேன்.”

நீட்டினது ஒரு கயிறு. தேங்காய்நார்க் கயிறு, உப்பேறிக் கறுத்தது. ஒரு பக்கம் அவர் சட்டைக்குள் போனது. மறுபக்கம் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. கீழே போய் ஏதோ லக்கேஜைப் பார்த்துவிட்டு வரப்போகிறார் என்று பிரைட்டன் நினைத்தான். இவனுடைய பையிலிருந்த கருப்பட்டியை வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் புரட்டிப் புரட்டிப் பார்த்தவர்கள், இதை எப்படி உள்ளே விட்டார்கள் என்றும் நினைத்தான்.

வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் இரண்டு விரலால் பிடித்திருப்பான். வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பான்.

பிரைட்டன் கையை நீட்டி வாங்கி, பழக்கதோஷத்தில், உள்ளங்கையைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டான்.

கயிறு கொடுத்தவனிடம், நான் இருக்கிறேன், நீ இறங்கு என்று மச்சினன் சொல்வது அப்படித்தான்.

அவர் சிரித்தார். விரல் நுனிகளெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்ததை பிரைட்டன் அப்போதுதான் பார்த்தான். வெகுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்கள். அவர் நடந்து போய், கழிப்பறைக் கதவைத் திறந்து, உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. அதே நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு அம்மாள், முன்பின் தெரியாதவர்கள் கொடுக்கும் பொருளை வாங்காதீர்கள் என்று மூன்று பாஷையிலும் கேட்டுக்கொண்டாள்.

கயிறு ஓட ஆரம்பித்தது.

பெட்டியிலிருந்து எழுந்து, பிரைட்டனின் கைக்குள் நழுவி, கம்பளத்தில் வழுக்கி, கதவிடுக்குக்குள் போனது. பிஸ்கட் பெட்டிக்குள் அவ்வளவு கயிறு இருக்க வாய்ப்பில்லை. கழிப்பறைக்குள்ளும் அவ்வளவு ஆழம் இருக்க வாய்ப்பில்லை. கயிறு இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

பிறகு நின்றது.

ஒரு சுண்டு.

சோம்பேறிச் சுண்டு.

உலகத்தில் அந்த மாதிரிச் சுண்டுகிறவர் ஒரே ஒரு ஆள்தான். பிரைட்டன் இடது கையால் போனை எடுத்து அக்காவுக்கு அடித்தான்.

“மச்சான் எங்கக்கா?”

“ஏறலியா நீ?” என்றாள் அல்போன்சா. பிறகு குரல் இறங்கியது. “ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாருலே. நீ ஆட்டோ ஏறுன ஒடனயே கெளம்பிட்டாரு. வெள்ளம் தெளிஞ்சு கெடக்காம். சுடலைக்கண்ணனக் கூட்டிக்கிட்டு…”

“அக்கா, அவனுக்குப் போன் போட்டு, போன நோண்டாம கயிறப் பாக்கச் சொல்லு. இப்பமே.”

“ஏம்லே? என்னாச்சு?”

என்ன சொல்ல? மச்சான் கழிப்பறைக்குள் தரை தொட்டுவிட்டார் என்றா சொல்ல?

சென்னை விமானத்தில் ஏற வேண்டியவர்கள் வரலாம் என்று அறிவிப்பு வந்தது. உப்பு வியாபாரி கண்டெய்னரோடு எழுந்து போனார். பிரைட்டன் எழுந்து நின்றான். கயிறு விறைப்பாக இருந்தது. சுற்றைக் கழற்றிக் கீழே போட ஒரு நொடி போதும். போட்டுவிட்டுப் போனால் தோஹா. ஆனால் பிடித்த கயிற்றை மச்சினன் போட்டான் என்றால், அதற்கப்புறம் அக்கா முகத்தில் எப்படி முழிக்க?

அவன் நின்றான்.

உமாராணி வந்தாள். “அண்ணே, போர்டிங் சொல்லிட்டாங்க. போகலையா?” மூக்கைச் சுருக்கினாள். “கருவாடு கொண்டு போறீங்களா?”

“இல்ல.”

அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். வெறும் காற்றை இறுக்கிப் பிடித்திருக்கிற கை. பார்வை கம்பளத்துக்குப் போனது. கழிப்பறையிலிருந்து சோபா வரைக்கும் கோடு போட்டதுபோல் ஈரம். “இந்த ஏசி மறுபடியும் லீக்கு” என்று அலுத்துக்கொண்டாள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை. ஏசி நின்றது. விளக்கும் அணைந்தது.

அதுவரைக்கும் சீராக இரைந்த இரைச்சல், அப்படியே அறுந்து போனது. அந்த இரைச்சலை வேறெங்கே தினமும் கேட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் பிரைட்டனுக்கு உறைத்தது.

வள்ளத்தில்.

கம்ப்ரசர்.

“கரண்ட் போயிட்டு. ஜெனரேட்டர் வந்துரும்ணே” என்று உமாராணி வெளியே ஓடினாள்.

ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. உள்ளே வெளிச்சம் பச்சையாக, கலங்கலாக, மேலேயிருந்து வடிந்து இறங்குவதுபோல் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு குமிழி உடைகிற சத்தம். இன்னொன்று.

குழாயில் காற்றில்லை. மச்சான் கீழே இருக்கிறார்.

ஒலிபெருக்கி முணுமுணுத்தது. கடைசி அழைப்பு. பயணி பிரைட்டன்.

இரண்டு சுண்டு.

இழு.

கேட்க வேண்டும். ஒரு சுண்டு கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம்தான் இழுக்க வேண்டும். பிரைட்டனுக்கு அது தெரியும். மூச்சில்லாத ஆளிடம் என்ன கேள்வி என்று ஒரு நினைப்பு. அதற்கு அடியில், அவன் யாரிடமும் சொல்லப்போகாத இன்னொரு நினைப்பு: இப்போதே இழுத்துவிட்டால் விமானத்தையும் பிடித்துவிடலாம்.

கேட்கவில்லை. இழுத்தான்.

கை மாற்றிக் கை. முழங்காலை மேசையில் முட்டுக் கொடுத்து. தட்டு விழுந்து உடைந்தது. நார் உள்ளங்கையை அறுத்தது. ஜெனோவின் கனம் அவனுக்குத் தெரியும். இது அந்தக் கனம் இல்லை. சங்குப் பை நிறைந்திருந்தால்கூட இவ்வளவு இருக்காது. ஒரு ஆளை இன்னொரு ஆள் பிடித்துக்கொண்டு தொங்குகிற கனம்.

பாதியில், சட்டென்று, கனம் குறைந்தது.

ஒன்று கழன்று போனதுபோல்.

அவன் இழுப்பதை நிறுத்தவில்லை. கதவு மெல்லத் திறந்தது. உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு, அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்று. விரல் நுனிகள் சுருங்கி, மெத்தென்று.

“நல்ல மச்சினன்” என்று காதோரம் ஒரு குரல் கிசுகிசுத்தது.

விளக்கு வந்தது. ஏசி இரைந்தது. கழிப்பறைக்குள் ஒரு வாஷ்பேசின், ஒரு கண்ணாடி, ஒரு சோப்புப் பெட்டி. கயிறும் இல்லை, பெட்டியும் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், சரியான நேரத்துக்குக் கிளம்பாது என்று பெயரெடுத்த விமானம் அன்றைக்கென்று சரியான நேரத்துக்குக் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. அல்போன்சா அழுதுகொண்டே சிரித்தாள்.

“ஏறிட்டாருலே! மேல ஏறிட்டாரு! சுடலைக்கண்ணன் வள்ளத்துல இருந்து பேசுனான். கம்ப்ரசர் நின்னுருக்கு, அந்த எழவெடுப்பான் போனப் பாத்துக்கிட்டே இருந்துருக்கான். கயிறு தன்னால ஏறுச்சாம்லே. அவன் தொடவே இல்லியாம். மாதா காப்பாத்துனா. பிரைட்டா, நீ எங்க இருக்க?”

“இங்கனதான்க்கா” என்று சொல்லிவிட்டு, உடைந்த தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் அழுதான். தோஹா போயிற்று. போகட்டும். மச்சான் இருக்கிறார்.

திரேஸ்புரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் சோடாவும் ஆறுதலும் கொண்டுவந்த கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சுடலைக்கண்ணன் சுவரோரமாக நின்றான். கையில் போன் இல்லாமல் அவனைப் பார்ப்பது அதுதான் முதல்தடவை. பிரைட்டனைக் கண்டதும் பக்கத்தில் வந்தான்.

“அண்ணே, சத்தியமா நான் இழுக்கல” என்றான். “அவரு ஏறி வரும்போ கயிறு இடுப்புல இல்லண்ணே. கையால பிடிச்சிக்கிட்டு ஏறுனாரு.”

பிரைட்டன் உள்ளே போனான்.

ஜெனோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதே முகம். அதே மீசை. புருவத்தில் அதே தழும்பு. அல்போன்சா துண்டால் அவருடைய தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“எத்தன துண்டு மாத்தியாச்சு, ஈரம் போவவே மாட்டேங்குலே” என்றாள் சந்தோஷமாக. “காது வலிக்காம். பஞ்சு கேட்டு வாங்கி வச்சிருக்காரு. வாழ்நாள்ல இவரு பஞ்சு வச்சுப் பாத்துருக்கியா? இரு, நான் காப்பி போட்டுக் கொண்டாரேன்.”

அவள் அடுப்படிக்குப் போனாள். வீட்டுக்குள் சிப்பி அழுகுகிற வாடை.

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ‘ஏலே மாப்ள’ என்று கூப்பிட்டே பழகின வாய் அது.

“வாங்க தம்பி” என்றது.

பிரைட்டன் நாற்காலிக் கைப்பிடியில் இருந்த விரல்களையே பார்த்தான். நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

அப்போது அவனுடைய வலது உள்ளங்கையில், நார் அறுத்த கோட்டில், ஏதோ இறுகியது.

ஒரு சுண்டு.

பிறகு, மறந்துவிட்டாரோ என்று நினைக்கிற அளவுக்கு ஒரு இடைவெளி.

அப்புறம், சாவகாசமாக, இரண்டாவது.

பிரைட்டனின் விரல்கள் தாமாகவே மடங்கின. கேட்க வேண்டும். ஒரே ஒரு சுண்டு.

“குடுக்காதீங்க தம்பி” என்றார் நாற்காலியில் இருந்தவர், அடுப்படிக்குக் கேட்காத குரலில். காதுப் பஞ்சை மெல்ல அழுத்திக்கொண்டார். “பதில் போனா, அங்கன கெடக்குற ஆளுக்கு நம்பிக்க வந்துரும்.”

உள்ளேயிருந்து அல்போன்சா சத்தம் போட்டாள். “ஏலே பிரைட்டா, மச்சானுக்கு சீனி எவ்வளவுன்னு கேளு. எல்லாத்தயும் புதுசாக் கேக்க வேண்டியிருக்கு.”

உள்ளங்கையில் மறுபடியும் ஒரு சுண்டு வந்தது.

இந்தத் தடவை இரண்டாவது வர, இன்னும் கொஞ்சம் நேரமானது.